இளையோர் நாவலும் தாத்தாவின் ரேஷன் அட்டையும்

அன்புள்ள ஐயா,

பதினாறு வயதாகும் என் மகள் ஓர் ஆங்கில இளையோர் நாவல் படிக்கிறாள். கைக்குழந்தையாக மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட, குடியேற்ற ஆவணம் ஏதுமற்ற ஒரு பெண் தன் வகுப்புத் தோழியைக் காதலிக்கும் கதை. பாதி படித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன். குடியேற்றம், தன்பாலீர்ப்பு என இரண்டு பிரச்சினைகளை ஒரே கதையில் திணித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமும்கூட. எந்த வயதில் இதைக் கொடுக்கலாம்?

— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் படிக்கும் புத்தகத்தைத் தாமும் எடுத்துப் படிக்கும் தாய்மார்கள் குறைவு. அதற்காகவே உங்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 'திணித்திருக்கிறார்கள்' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களாக இதையே யோசித்துக்கொண்டிருப்பதால் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இவ்விரண்டையும் நாவலாசிரியருக்கு முன்பே சட்டம் பிணைத்துவிட்டது. தன்பாலீர்ப்பு உடையவர் என்ற காரணத்துக்காகவே அயல்நாட்டவரைத் தடுக்கவும் வெளியேற்றவும் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டம் 1990 வரை இடம் கொடுத்தது. கனடாவிலிருந்து வந்து அங்கே வாழ்ந்த ஒருவரை வெளியேற்றும் ஆணை செல்லும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அதைவிட முக்கியம், கதைநாயகியின் வயது. ஆவணமற்ற பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளிகளில் இடம் மறுக்கக்கூடாது என்று 1982-இல் அதே நீதிமன்றம் சொன்னதால், அத்தகைய குழந்தை மற்றவர்களோடு ஒன்றாகவே படித்து வளர்கிறது. ஓட்டுநர் உரிமம், கல்லூரி உதவித்தொகை, முதல் வேலை என ஒவ்வொன்றுக்கும் ஆவணம் கேட்கப்படும் பதினாறு, பதினேழு வயதில்தான் தன் நிலை அதற்கு உறைக்கிறது. தான் யாரை விரும்புகிறோம் என்பது பலருக்குத் தெளிவாவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். நாடுகடத்தாமல் இருக்க 2012-இல் ஒபாமா அரசு அறிவித்த, ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிகப் பாதுகாப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க வழியிருந்த காலத்திலும், எந்த வயதில் வந்தாள், எங்கே வாழ்ந்தாள் என்பதற்கான சான்றுகளைப் பெற்றோரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர்களைப் பகைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போவாள்?

அந்நியம் என்கிறீர்கள். மாட்டுங்காவிலிருந்து தாராவி எவ்வளவு தொலைவு? மகாராஷ்டிரத்தில் மாநில இட ஒதுக்கீட்டுக்குரிய பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். திருநெல்வேலியில் வாங்கிய சான்று அதற்கு உதவாது. என் தெருவில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குச் செவிலியர் படிப்பில் சேர அந்த ஆதாரம் தேவைப்பட்டது. தோல் பதனிடும் வேலைக்கு வந்த தாத்தாவின் ரேஷன் அட்டை, மடிப்பில் கிழிந்து பின்புறம் துணி ஒட்டப்பட்டு, பெரியப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தது. அவளுடைய அம்மாவோடு நானும் போய்க் கேட்டேன். "அந்தப் புள்ளகூடச் சுத்துறத நிறுத்தச் சொல்லுங்க, பொறவு பாக்கலாம்" என்றார். யாரைச் சொல்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அட்டை கிடைத்தது, இடமும் கிடைத்தது. அந்தத் தோழி வந்தால் கதவைத் திறக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னவள் அந்தப் பெண்ணேதான். தன்பாலுறவு குற்றமில்லை என்ற 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்குப் பிறகு நடந்தது இது.

அந்தப் பெரியப்பாவைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். தகப்பன் இறந்த பிறகு அவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர் அவர். நாவலில் வரும் தாயும் அப்படித்தான். மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மகளையே பூட்டி வைக்கிறாள். நீங்கள் படிக்காமல் நிறுத்திய பிற்பாதி முழுவதும் அவளைப் பற்றியது.

எந்த வயதில் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். புத்தகத்தை இன்றே அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் முடித்ததும் கேட்டு வாங்கி, மீதியை நீங்களும் படியுங்கள்.

அன்புடன்.