அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளில் விதிமீறல்களை உண்மையிலேயே தண்டிக்கிறார்களா?

கேள்வியின் முழு வடிவம்: "அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு வீரர்களுக்கு ஏகப்பட்ட விதிகள் உண்டாமே, அவற்றை யார் கண்காணிக்கிறார்கள்? பெரிய கல்லூரிகள் எப்படியும் தப்பித்துவிடுவதாகச் சொல்கிறார்களே, உண்மையா?"

தண்டிக்கிறார்கள். யாரை, எப்போது, எதற்காக என்பதில்தான் விவகாரமே இருக்கிறது. அந்த வேலையின் அடிமட்டத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2016 முதல் 2018 வரை அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தேன். செலவைச் சமாளிக்க வளாகத்திலேயே ஒரு பகுதிநேர வேலை கிடைத்தது: விளையாட்டுத் துறையின் காம்ப்ளையன்ஸ் அலுவலகம், அதாவது விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்கும் இடம். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எக்செல் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியும் என்றேன், சேர்த்துக்கொண்டார்கள். மேலதிகாரி ஒரு பெண்மணி, தம் கல்லூரிக் காலத்தில் சாஃப்ட்பால் ஆடியவர். அவர் மேசையில் என்சிஏஏ விதிப்புத்தகம் இருக்கும். நானூறு பக்கத்துக்கு மேல், பழைய டெலிபோன் டைரக்டரி பருமன்.

என்சிஏஏ என்பது 1906இல் தொடங்கிய கல்லூரிகளின் சங்கம். தலைமையிடம் இண்டியானாபோலிஸ், உறுப்பினர்கள் ஏறத்தாழ 1,100 கல்லூரிகள். அரசு அமைப்பு அல்ல. விதிகளுக்கு ஓட்டுப் போடுவது கல்லூரிகள். அவற்றைக் காவல் காப்பதும் கல்லூரிகள். மீறுவதும் அவைதான், மீறிவிட்டோம் என்று தலைமையிடத்துக்கு எழுதிப் போடுவதும் அவையேதான். முதல் வாரம் இதை எனக்கு விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை.

என் முக்கிய வேலை பயிற்சி நேரத் தாள்கள். போட்டிப் பருவத்தில் ஒரு வீரருக்கு வாரத்தில் 20 மணி நேரம், நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்த எனக்கும் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். என்னுடைய இருபதை விசா அலுவலகம் எண்ணியது, அவர்களுடைய இருபதை நான் எண்ணினேன். என் இருபது உண்மையான இருபது. அவர்களுடையதில் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் பயணம் செய்தால் சேராது. ஐஸ் தொட்டியில் உட்கார்ந்திருந்தால் சேராது. "விருப்பப்பட்டு" விடியற்காலையில் எடை தூக்கினால் சேராது. போட்டி நாள் என்றால் எத்தனை மணி நேரம் ஆடினாலும் கணக்கு மூன்று மணி. தாள்கள் திங்கள்கிழமை வந்து சேரும், வீரர்களின் கையெழுத்தோடு. பெரும்பாலானவற்றில் 19.5 என்று இருக்கும். ஏன் எல்லோருக்கும் அதே எண் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சில்லறை மீறல்கள் தனிக் கதை. பயிற்சியாளர், அணிக்கு இழுக்க நினைத்த ஒரு பள்ளி மாணவனுக்குத் தவறான தேதியில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டார், யாரோ ஒருவருக்கு ஒரு டி-ஷர்ட் கூடுதலாகப் போய்விட்டது என்று நாடு முழுவதும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் தாங்களாகவே எழுதி அனுப்புவார்கள். முன்பு, சாப்பாட்டு வேளைக்கு இடையில் வீரர்களுக்குப் பேகல் கொடுக்கலாம் (உளுந்து வடை போல நடுவே துளையுள்ள ரொட்டி), அதன்மேல் தடவ எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. தடவினால் அது சாப்பாடு ஆகிவிடுமாம்! ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் ஒரு பட்டமளிப்பு விருந்தில் அளவுக்கு மேல் பாஸ்தா சாப்பிட்டுவிட்டதாகக் கல்லூரியே புகார் எழுதி, ஆளுக்கு 3.83 டாலர் தர்மத்துக்குக் கட்ட வைத்தது. 2014 ஏப்ரலில் கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பட்டினியோடு படுக்கப் போகிறேன் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்ன சில நாட்களில் உணவுக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். அவர் சொன்னது தேசிய கூடைப்பந்துப் பட்டம் வென்ற சமயம்; அதனால்தான் காதில் விழுந்தது.

இந்தச் சில்லறைக் கடிதங்கள் வெறும் கிறுக்குத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். நாளைக்குப் பெரிதாக ஏதாவது வெடித்தால், "பாருங்கள், நாங்கள் பாஸ்தாவைக்கூட எண்ணுகிறவர்கள்" என்று காட்ட ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பைத்தான் நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

என் சொந்தக் கோப்பும் ஒன்று உண்டு. எங்கள் டென்னிஸ் அணியில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் இருந்தான். நான் வேலையில் சேர்வதற்கு முன்பே பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் "அண்ணா, சாம்பார் இருக்கிறதா?" என்று வந்து நிற்பான். வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் விதிப்புத்தகம் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் இப்போது விளையாட்டுத் துறை ஊழியன். அவனுக்கு நான் போடும் சோறு "கூடுதல் சலுகை" ஆகிவிடாதா? மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மற்ற மாணவர்களும் உங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்களா?"

"இந்தியர்கள் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். சொல்லாமலே வருகிறார்கள்."

"அப்படியானால் சலுகை இல்லை. எனக்கு ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்."

எழுதினேன். பருப்பு, காய்கறி, சோறு, வாரம் ஒருமுறை, வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அந்த மின்னஞ்சல் இன்னும் ஏதோ ஒரு சர்வரில் இருக்கும். விதியின் சாரம் இதுதான்: விளையாட்டு வீரன் என்பதற்காகவே ஒன்று கிடைத்தால் குற்றம், எல்லா மாணவர்களுக்கும் கிடைப்பது அவனுக்கும் கிடைத்தால் குற்றமில்லை. அன்று எனக்கு அது நியாயமாகவே பட்டது.

2017 அக்டோபரில் அந்த நியாயம் கசந்துபோனது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 18 ஆண்டுகள், வகுப்பே நடக்காத வகுப்புகள் நடந்தன. ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கும் துறை அலுவலகத்து ஊழியரே தாராளமாக மதிப்பெண் போடுவார். 3,100 மாணவர்கள் அப்படிப் படித்ததாக 2014 விசாரணை அறிக்கை சொன்னது. ஏறத்தாழப் பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். என்சிஏஏ பல ஆண்டுகள் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது: அந்த வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்தே இருந்தன, ஆகவே கூடுதல் சலுகை என்று நிரூபிக்க முடியவில்லை. என் சாம்பாரைக் காப்பாற்றிய அதே வாதம்! அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பைத் திரையில் படித்துவிட்டு மேலதிகாரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து காபி எடுக்கப் போனார்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், செப்டம்பர் 26 அன்று, எஃப்பிஐ பத்துப் பேரைக் கைது செய்திருந்தது. நான்கு துணைப் பயிற்சியாளர்கள், அடிடாஸ் நிறுவன அதிகாரி ஒருவர், இன்னும் சிலர். கூடைப்பந்து வீரர்களைக் குறிப்பிட்ட கல்லூரிகள் பக்கமும் ஏஜென்டுகள் பக்கமும் தள்ளிவிடப் பணம் கைமாறியது குற்றச்சாட்டு. இத்தனை நாள் என்சிஏஏ கண்டுபிடிக்காததை எஃப்பிஐ எப்படிக் கண்டுபிடித்தது? தொலைபேசி ஒட்டுக்கேட்பு. என்சிஏஏவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. சம்மன் அனுப்ப முடியாது, பொய் சொன்னவனைச் சிறைக்கு அனுப்ப முடியாது. கல்லூரியோடு சம்பந்தமில்லாதவர் "போய்யா" என்றால் விசாரணை அதிகாரி எழுந்து வர வேண்டியதுதான். மயாமி பல்கலைக்கழக வழக்கில் இந்தக் குறையைக் குறுக்கு வழியில் தீர்க்கப் பார்த்தார்கள். மோசடிக்காகச் சிறையிலிருந்த முன்னாள் புரவலர் ஒருவரின் வக்கீலுக்குப் பணம் கொடுத்து, அவருடைய திவால் வழக்கின் வாயிலாகச் சாட்சிகளைச் சத்தியப்பிரமாணத்தோடு விசாரிக்க வைத்தார்கள். 2013இல் அது வெளியே வந்து, விசாரணைப் பிரிவின் தலைவரே பதவி இழந்தார். விதி காப்பவர்களே விதியைத் தாண்டி மாட்டிக்கொண்டார்கள்.

எஃப்பிஐ வழக்கின் வால் எவ்வளவு நீளம் தெரியுமா? கான்சஸ் பல்கலைக்கழகம் தொடர்பான தீர்ப்பு 2023 அக்டோபரில் வந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2022இல், அந்த அணி தேசியப் பட்டமும் வென்றுவிட்டது.

உண்மையான தண்டனை என்று ஒன்று நடந்தது 1987இல். டல்லாஸ் நகரத்துச் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம், அமெரிக்கன் ஃபுட்பாலில் கொடிகட்டிப் பறந்த அணி. வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1985இல் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் மாதச் சம்பளம் போல 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போனது. ஏன் நிறுத்தவில்லை? வாக்குக் கொடுத்தாகிவிட்டதே, இருக்கிற பையன்கள் படித்து முடிக்கும்வரை கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். முடிவெடுத்தவர்களில் ஒருவர் அப்போதைய நிர்வாகக் குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ். விஷயம் வெடித்தபோது அவர் டெக்சாஸ் மாநிலக் கவர்னர்! பதவியில் இருந்துகொண்டே அதை ஒப்புக்கொண்டார், பதவிக்காலத்தையும் முழுதாக முடித்தார்.

1987 பருவம் முழுக்க ரத்து. "மரண தண்டனை" என்று அதற்குப் பெயர். வீரர்கள் வேறு கல்லூரிகளுக்குக் கலைந்துபோக, 1988இல் ஆட ஆளில்லாமல் கல்லூரியே விலகிக்கொண்டது. 1989இல் விடலைப் பையன்களை வைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களை ஹூஸ்டன் அணி 95-21 என்று அடித்தது. அடுத்த பவுல் ஆட்டத்துக்கு (பருவ முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் சிறப்பு ஆட்டம்) அவர்கள் தகுதி பெற 2009 ஆயிற்று. பெரிய ஃபுட்பால் அணி எதற்கும் அதற்குப் பிறகு அந்தத் தண்டனையைக் கொடுக்கவே இல்லை. ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கண்டு தாங்களே பயந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் வந்தவை எல்லாம் சாப்பிட்டுப் போனவனை விட்டுவிட்டு அடுத்த பந்தியில் உட்கார்ந்தவனை எழுப்பும் தண்டனைகள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நட்சத்திர ஃபுட்பால் வீரர் ரெஜி புஷ் குடும்பத்துக்குப் பணமும் வீடும் கிடைத்த விவகாரத்துக்கு 2010இல் இரண்டு ஆண்டு பவுல் ஆட்டத் தடையும் 30 உதவித்தொகைக் குறைப்பும் வந்தன. புஷ் 2006லேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் பீட் கேரல் தீர்ப்புக்குச் சில மாதம் முன்பு சியாட்டிலின் தொழில்முறை அணியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தண்டனையை அனுபவித்தவர்கள், புஷ் ஆடிய காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த பையன்கள். சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைப் புஷ் திருப்பிக் கொடுத்திருந்தார்; அதை 2024இல் அவரிடமே கொடுத்துவிட்டார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

இந்த அநியாயம் கடைசியில் உறைத்தது. 2025 ஆகஸ்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத் தீர்ப்பில் (எதிரணியின் சைகைகளைப் படமெடுக்க ஆட்களுக்கு டிக்கெட் வாங்கி அனுப்பிய விவகாரம்), இரண்டு ஆண்டு தடை விதிக்க முகாந்திரம் இருக்கிறது, ஆனால் இப்போதுள்ள மாணவர்களைத் தண்டிப்பது முறையல்ல என்று சொல்லி, அதற்குப் பதில் 2 கோடி டாலருக்கும் மேல் வரக்கூடிய அபராதம் போட்டார்கள். மாணவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பட்டம் 2023 பருவத்தில் வென்றாயிற்று, பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போயாயிற்று, அபராதம் பெரிய கல்லூரிக்கு ஒரு செலவுக் கணக்கு. நீங்கள் கேட்ட "தப்பித்துவிடுகிறார்களா" என்பதற்கு நெருக்கமான பதில் இதுதான்.

இதற்கிடையில் குற்றமே இடம் மாறிவிட்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வீரர்களுக்குக் கல்லூரிகள் தரும் கல்வி சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்ற ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. வீரர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம்; 2025-26இல் அதன் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். டல்லாஸில் ஒரு அணியையே கொன்ற 61,000 டாலர் இன்று ஒரு மூலையில் கிடக்கும் தொகை. ஆனால் எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் இந்தப் பந்தியில் உட்கார முடியாது. அமெரிக்க மண்ணில் அப்படி வேலை செய்து காசு வாங்கினால் விசாவுக்கே ஆபத்து. சோம்தேவ் தேவ்வர்மன் போலச் சென்னையில் வளர்ந்து வர்ஜீனியா போய் 2007, 2008இல் தேசியச் சாம்பியன் ஆகும் ஒருவர் இன்று வந்தாலும், பக்கத்து லாக்கர்க்காரனின் கார் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பழைய மேலதிகாரி இன்னும் அதே அலுவலகத்தில் இருக்கிறார். வெளியார் கொடுக்கும் 600 டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை எல்லாம் டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தும் இணையதளத்தில் வீரர்கள் பதிய வேண்டும், சந்தை விலைக்குத் தக்கதா என்று அங்கே பார்ப்பார்கள். இப்போது அவர் நாளில் பாதி அதற்கே போகிறதாம். சென்ற தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியபோது, வேலை எப்படி என்று கேட்டிருந்தேன். எல்லாமே மாறிவிட்டது என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: பயிற்சி நேரத் தாள்கள் மட்டும் திங்கள்கிழமை தவறாமல் வருகின்றன, எல்லாவற்றிலும் 19.5.