ஒரு பள்ளியும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர் குழுவும் சேர்ந்து வடசென்னை வரலாற்றை இணையத்தில் ஏற்றுவது எப்படி?

மொத்த வடசென்னையையும் ஒரே மூச்சில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு இடம் போதும். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், இல்லையென்றால் பெரம்பூர் பக்கத்து பின்னி மில்.

வேலையை இப்படிப் பிரிக்கலாம்: வீடுவீடாகப் போய்க் கேட்டுப் பதிவு செய்வது பிள்ளைகள், ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது குழு. பிள்ளைகளுக்குத்தான் பாட்டிகள் மனம்விட்டுப் பேசுவார்கள், நமக்கு டீயோடு சரி.

சரிபார்ப்பு ஏன் என்றால், "எம்டன் குண்டு போட்டதைப் பார்த்தேன்" என்பார் ஒரு தாத்தா. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்தது 1914 செப்டம்பர் 22. அவர் அப்போது பிறந்தேயிருக்க மாட்டார், அப்பா சொல்லிக் கேட்டிருப்பார். அதற்காகத் தூக்கி எறியாதீர்கள். "பார்த்தது", "கேட்டது" என்று இரண்டு கட்டம் வைத்துக் குறித்தால் அதுவும் சரக்குதான்.

பழைய போட்டோ கிடைத்தால் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரிஜினலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு படம் தொலைந்தால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது.

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏற்றுவதாக இருந்தால், படம் கையில் இருப்பவர் சரி என்றால் மட்டும் போதாது, உரிமை யாருடையது என்று பார்க்க வேண்டும். பேசியவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகளின் முழுப்பெயரும் முகமும் வேண்டாம்.

இணையக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரே ஆசிரியர் கையில் விடாதீர்கள். அவருக்கு மாற்றல் வந்தால் எல்லாம் அப்படியே நின்றுவிடும்.