"இன்னும் ஆறு வாரம் பாக்கலாம்"னு எத்தனை தடவை கேக்கறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க டாலஸ் பக்கம் இருக்கோம், பையன் செகண்ட் கிரேட். வாயத் தொறந்தா டைனோசர் பத்தி அரை மணி நேரம் பேசுவான், புக்க எடுன்னா மட்டும் வயித்து வலி வந்துடும். கிண்டர்கார்டன்ல "பசங்க கொஞ்சம் லேட்டாதான் படிப்பாங்க"ன்னாங்க. போன வருஷம் டயர் 2-ல போட்டாங்க, இந்த வருஷமும் அதே டயர் 2 தான். செப்டம்பர்ல நிமிஷத்துக்கு 22 வார்த்தை, இப்ப பிப்ரவரில 31. கிராஃப் காட்டி "பாருங்க ஏறுது, ஆர்டிஐ முடியட்டும், அப்புறம்தான் டெஸ்டிங் பத்தி பேசலாம், இன்னும் ஆறு வாரம் பாக்கலாம்"ங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் ஆர்டிஐன்னதும் தகவல் அறியும் உரிமை சட்டம்னு நினைச்சு மீட்டிங்ல தலையாட்டிட்டு வந்துட்டார். காத்திருக்கலாமா வேண்டாமா?

பதில்: வேண்டாம்மா. உங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க, இந்த ஆர்டிஐ வேற, உதவி குடுத்தா குழந்தை எப்படி முன்னேறுதுன்னு பாக்கற முறை. எம்டிஎஸ்எஸ்னு உங்க ஸ்கூல் சொன்னாலும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். மூணு படி, அந்தப் படியத்தான் டயர்ங்கறாங்க. முதல் படி கிளாஸ்ல எல்லாருக்கும் ஒழுங்கா சொல்லிக்குடுக்கறது, அதுலயே 100-க்கு 80 பேர் தேறிடுவாங்கன்னு ஒரு கணக்கு. ரெண்டாவது, தடுமாறற பசங்கள மூணு நாலு பேரா உக்கார வச்சு வாரத்துல சில நாள் அரை மணி நேரம் கூடுதலா. மூணாவது இன்னும் சின்ன குரூப், இன்னும் அதிக நேரம். நடுவுல வாரமோ ரெண்டு வாரமோ ஒரு தடவை குட்டி டெஸ்ட் வச்சு கிராஃப் போடுவாங்க. நல்ல ஏற்பாடுதான், பதினாலு வருஷமா ரீடிங் டீச்சரா நானே இதுலதான் குப்பை கொட்டறேன், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த கிராஃப கொஞ்சம் உத்துப் பாருங்க. 22-ல இருந்து 31, அஞ்சு மாசத்துல 9 வார்த்தை, அதாவது சுமார் 20 வாரத்துக்கு வாரம் அரை வார்த்தை கூட இல்ல. செகண்ட் கிரேடுல நடுவுல நிக்கற குழந்தை வருஷ ஆரம்பத்துல நிமிஷத்துக்கு சுமார் 50 வார்த்தை படிக்கும், குளிர்காலத்துல 84, வருஷக் கடைசில 100. அப்போ செப்டம்பர்ல உங்க பையன் 28 வார்த்தை பின்னாடி இருந்தான், இப்ப 53 வார்த்தை பின்னாடி. கோடு மேல போகுதுங்கறது உண்மை, ஆனா பஸ் 60-ல போறப்ப பின்னாடி சைக்கிள்ல போனா சைக்கிளும் முன்னாடிதானே போகுது. அடுத்த மீட்டிங்ல "ஏறுதா"ன்னு கேக்காதீங்க, "இடைவெளி குறையுதா"ன்னு கேளுங்க. கூடவே எந்த ப்ரோக்ராம், ஒரு குரூப்ல எத்தனை பேர், எழுதி வச்ச செஷன்ல நெஜமா எத்தனை நடந்துச்சுன்னும் கேளுங்க, ஏன்னா டீச்சர் லீவு, ஃபயர் டிரில், அசெம்ப்ளின்னு பாதி செஷன் காணாமப் போயிருக்கும், பேப்பர்ல மட்டும் வாரம் நாலு நாள்னு இருக்கும்.

சட்டத்துக்கு வருவோம். ஐடியாங்கற அமெரிக்க சிறப்புக் கல்விச் சட்டப்படி பெத்தவங்க எப்ப வேணாலும் இவால்யுவேஷன், அதாவது குறைபாடு இருக்கான்னு பாக்கற முழு டெஸ்டிங் கேக்கலாம், டயர் எல்லாம் முடிச்சுட்டுத்தான் வரணும்னு எங்கயும் இல்ல. ஆர்டிஐய காரணம் காட்டி இவால்யுவேஷன தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாதுன்னு மத்திய கல்வித்துறை 2011 ஜனவரில எல்லா மாநிலத்துக்கும் மெமோவே அனுப்பிச்சு. டயர் உதவி ஒரு பக்கம் நடக்கட்டும், டெஸ்டிங் ஒரு பக்கம் நடக்கட்டும், ரெண்டும் சேந்தே ஓடும்.

அதுவும் நீங்க டெக்சஸ்ல இருக்கீங்க. அங்க மாநில அரசு 2004-ல இருந்து ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருக்கற பசங்க 8.5 சதவீதத்த தாண்டுனா ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு மார்க் குறையற மாதிரி ஒரு கணக்கு வச்சிருந்துச்சு, நாட்டுல சராசரி 13 சதவீதம் பக்கம் இருந்தப்போ. 2016-ல ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை அத வெளில கொண்டு வந்து, விசாரணை நடந்து, டெக்சஸ் சட்டத்த மீறியிருக்குன்னு 2018 ஜனவரில மத்திய அரசு சொல்லிச்சு, அதுல ஆர்டிஐய சாக்கா வச்சு பசங்கள இவால்யுவேஷனுக்கு அனுப்பாம நிறுத்தி வச்சதும் ஒரு குத்தம். இதுல கொடுமை என்னன்னா, ஆர்டிஐ வந்ததே காத்திருப்ப ஒழிக்கத்தான். அதுக்கு முன்னாடி ஐக்யூ ஒசரத்துல, மார்க் பாதாளத்துல, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிஞ்சாதான் கற்றல் குறைபாடுன்னு ஒத்துப்பாங்க, அந்த வித்தியாசம் தெரிய மூணாவது நாலாவது வரைக்கும் குழந்தை தோத்துக்கிட்டே இருக்கணும். 2004-ல சட்டத்த திருத்தி அந்தக் கணக்க மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாதுன்னாங்க, உதவிக்கு குழந்தை எப்படி மாறுதுன்னு பாக்கறதையும் அனுமதிக்கணும்னாங்க. இப்ப பாத்தா அதுவே சில ஸ்கூல்ல வெயிட்டிங் ரூம் ஆயிடுச்சு.

சரி, என்ன பண்ணணும். வாயால கேக்காதீங்க, ஈமெயில் அனுப்புங்க, ஸ்பெஷல் எஜுகேஷன் டைரக்டருக்கு, காப்பி பிரின்சிபலுக்கு. நாலு வரி போதும்: என் மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்துக் கூட்டிப் படிக்கறதுல வர்ற குறைபாடு) உட்பட கற்றல் குறைபாடு இருக்கலாம்னு சந்தேகப்படறேன், ஐடியா சட்டப்படி முழு இவால்யுவேஷன் கேக்கறேன், தேதி. எழுதிக் கேட்டா டெக்சஸ்ல 15 பள்ளி நாளுக்குள்ள சம்மதப் படிவம் தரணும், இல்ல மறுக்கறதுக்கு காரணத்த எழுத்துல தரணும். நீங்க கையெழுத்து போட்ட நாள்ல இருந்து பொதுவா 45 பள்ளி நாள்ல ரிப்போர்ட். ஸ்கூல் ரிப்போர்ட் சரியில்லன்னு தோணுச்சுன்னா அவங்க செலவுலயே வெளி ஆள் கிட்ட இன்னொரு இவால்யுவேஷன் கேக்கவும் உரிமை இருக்கு. அப்புறம், டெக்சஸ்ல கிண்டர்கார்டன்லயும் ஃபர்ஸ்ட் கிரேடுலயும் டிஸ்லெக்சியா ஸ்கிரீனிங் கட்டாயம், அந்த ரிசல்ட் எங்கன்னு கேளுங்க. நாலு பேர் முகம் அதுலயே மாறும்.

கேள்வி: நியூஜெர்சில இருந்து ஒரு அப்பா. பொண்ணுக்கு ஐஇபி (குறைபாடு இருக்கற குழந்தைக்குன்னு ஸ்கூல் எழுதற தனி கல்வித் திட்டம்) போடலாம்னு ஸ்கூலே சொல்லுது. முத்திரை குத்திட்டா காலேஜ்ல தெரியுமே, நாங்க எச்1பி விசா வேற, பயமா இருக்கு.

பதில்: ஸ்கூலே முன்வந்து சொல்லுதா, பக்கத்து ஊர்ல இதுக்காக அலையறவங்க உங்கள பொறாமையா பாப்பாங்க சார். பப்ளிக் ஸ்கூல் குழந்தைக்கு இந்த உரிமை விசா பாத்து வர்றது இல்ல. ஐஇபி ஸ்கூல் படிப்போட முடிஞ்சுடும், காலேஜுக்கு நீங்களா சொன்னாதான் தெரியும். முத்திரைய பத்தி ஒண்ணு சொல்லவா, பேர் வைக்காத குழந்தைக்கும் கிளாஸ்ல பேர் இருக்கு, மக்குன்னு. அத பசங்களே வச்சுடுவாங்க, உங்க கையெழுத்த கேக்க மாட்டாங்க.

கேள்வி: வீட்ல தமிழ் பேசறதாலதான் குழந்தை ஆங்கிலம் படிக்கத் திணறுது, தமிழ நிறுத்துங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நெஜமா?

பதில்: இல்ல. ரெண்டு மொழி பேசறதால டிஸ்லெக்சியா வராது. ஆனா டீச்சர் ஏன் அங்க போறாங்கன்னா, ஆங்கிலம் போதாததுதான் திணறலுக்கு முக்கிய காரணம்னா அத கற்றல் குறைபாடுன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. நல்ல எண்ணத்துல வச்சது, ஆனா நம்ம குழந்தைங்க விஷயத்துல இது ரெண்டு பக்கமும் வெட்டுது, ஆங்கிலம் கத்துக்கற பிள்ளைய குறைபாடுன்னு தள்றதும் உண்டு, நெஜமான குறைபாட்ட "இங்கிலீஷ் வந்தா சரியாயிடும்"னு மூணு வருஷம் மூடி வைக்கறதும் உண்டு. அதனால வீட்ல தமிழ்ல பாருங்க. பாட்டி சொன்ன கதைய திருப்பிச் சொல்லுதா? 'மரம்'ல கடைசி சத்தத்த எடுத்தா என்ன வரும்னா 'மர'ன்னு சொல்லுதா? 'கட்டம், வட்டம், சட்டம்' ஒண்ணு போல முடியுதுன்னு காதுல விழுதா? தமிழ் ஸ்கூலுக்கு போற குழந்தைன்னா ஒரு வருஷம் ஆகியும் க, கா, கி-ல நிக்குதா? ரெண்டு மொழிலயும் சத்தத்த உடைக்க முடியலைன்னா பழிய தமிழ் மேல போட முடியாது. இத எழுதி இவால்யுவேஷன் டீம் கிட்ட குடுங்க. முடிஞ்ச வரைக்கும் குழந்தையோட மொழியில டெஸ்ட் பண்ணணும்னும் விதி இருக்கு, தமிழ் தெரிஞ்ச ஆள் கிடைக்கறது கஷ்டம்தான், மொழிபெயர்ப்பாளராவது கேளுங்க.

கேள்வி: நான் விழுப்புரம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. உங்க டயர் கதையெல்லாம் படிக்கறேன் மேடம், எங்க கிட்டயும் அரும்பு, மொட்டு, மலர்னு இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு பொண்ணு அரும்புலயே நிக்கறா. என்ன பண்ண?

பதில்: டீச்சர், நீங்க கேட்டதுதான் இந்த வாரம் எனக்குப் புடிச்ச கேள்வி. 2022-ல தமிழக அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்போ குழந்தைய வகுப்ப வச்சு இல்லாம, எங்க நிக்குதுன்னு பாத்து சொல்லிக்குடுக்கலாம்னு ஆரம்பிச்சாங்க, கொரோனா பூட்டுன ரெண்டு வருஷத்துக்கு அது தேவையும் பட்டுச்சு. ஆனா அரும்புங்கறது ஒரு நிலை, காரணம் இல்ல. பள்ளிக்கே சரியா வராத பிள்ளையும் அரும்புல இருக்கும், காது சரியா கேக்காத பிள்ளையும் இருக்கும், டிஸ்லெக்சியா பிள்ளையும் அதே பாய்லதான் உக்காந்திருக்கும். அதனால மொதல்ல வருகைப் பதிவு, கண்ணு, காது, இந்த மூணையும் பாத்துடுங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னா வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியர வரச் சொல்லுங்க.

1995-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடுக்கு இடமே இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைல அதுவும் ஒண்ணு, அத சீக்கிரமா கண்டுபிடிச்சு அதுக்கேத்த மாதிரி சொல்லிக்குடுக்கறது பள்ளியோட கடமைன்னு 16-ஆவது பிரிவுலயே இருக்கு. சான்றிதழ் 8 வயசுக்கு அப்புறம்தான் வரும், அதுக்காக உதவி காத்திருக்கணும்னு இல்ல. பின்னாடி பொதுத்தேர்வுல கூடுதலா 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்குன்னு சலுகை கேக்கறப்ப சான்றிதழ் தேவைப்படும், பத்தாவது வந்து ஓடுனா அலைச்சல். இன்னைக்கே ஒரு நோட்டு போடுங்க டீச்சர், தேதி, என்ன சொல்லிக்குடுத்தீங்க, எத்தனை எழுத்து சொன்னா, எத்தனை தப்பு. சிறப்பாசிரியர் வர்ற அன்னைக்கு "மந்தமா இருக்கா"ன்னு சொல்றதுக்கு பதிலா அந்த நோட்ட நீட்டுங்க.