கொப்பியோடு எழும்புங்கள்

கேள்வி: அப்பாவுக்கு நடமாட ஏலாததால் சிறுபோக (கோடைகால) வெள்ளாமைக்குக் குளத்துத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்கு நான்தான் போகிறேன். எங்கள் வாய்க்காலின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் ‘பொம்பிளைப்பிள்ளைக்கு வாயைப் பார்’ என்பார்களே என்று பேசாமல் திரும்பி வந்துவிடுகிறேன். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமில்லாமல் மனதில் உள்ளதைச் சொல்ல என்ன வழி? (பெயரைப் போட வேண்டாம்.)
– வாசகி, உருத்திரபுரம்

பதில்: பெயரைப் போடவில்லை, பிள்ளை. கடிதத்தையும் சுருக்கிவிட்டேன், அது மூன்று பக்கம். பெரியப்பா என்ன சொல்வார், கமக்கார அமைப்புத் தலைவர் என்ன நினைப்பார், சம்பந்தம் பேசி வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவ்வளவும் இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரே ஒரு வரி. கோளாறு அங்கேதான்.

வன்னியில் வளர்ந்த ஒருவரைப் பார்த்து ‘ஏன் பயப்படுகிறாய்’ என்று கேட்க எனக்கு வாய் வராது. ‘கண்டதைக் கதையாதே’ என்று சொல்லிச் சொல்லித்தான் இங்கே தாய்மார் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தார்கள். இன்றைக்கும் சில விஷயங்களை நாலு பக்கமும் பார்த்துத்தான் கதைக்க வேண்டியிருக்கிறது. சரி, முறைத் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? பின்வாங்கில் நாலு பேர் சிரிப்பார்கள், தேத்தண்ணி வரும்வரைக்கும். அந்தப் பழைய பயத்தைக் கொண்டுவந்து இந்தச் சிரிப்புக்குப் போய்ச் செலவழிக்கிறீர்களே!

அந்தச் சிரிப்பும் நாம் நினைக்கிற அளவு இல்லை. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, ஒரு பாடகரின் படம் போட்ட, உடுத்தக் கூச்சப்படும் ரீசேட் ஒன்றைக் கொடுத்து மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று உடுத்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். 2000ஆம் ஆண்டில் வந்த ஆய்வு. ஆய்வு எதற்கு, எனக்கே நடந்தது: வாசிகசாலை ஆண்டுவிழாவில் நன்றியுரை சொல்ல எழும்பி, நன்றி சொல்ல வேண்டியவரின் பெயரை மறந்து நின்றேன். ஒரு கிழமை வெளியே தலைகாட்டவில்லை. பிறகு கூட்டாளியிடம் கேட்டால், அன்றைக்கு வடை ஆறிப்போயிருந்தது மட்டும்தான் அவனுக்கு ஞாபகம்.

பயத்தோடேயே வாய் திறந்தவர்களும் இருக்கிறார்கள். 2017 ஜனவரி கடைசியில் முல்லைத்தீவு கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்புச் சனம், விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு முகாமுக்கு முன்னால் போய் இருந்தது. பிள்ளைகளோடு தாய்மார் இரவும் பகலும் இருந்தார்கள். மேடைப் பேச்சுப் பழகிய கூட்டம் இல்லை அது. பயம் இருந்திருக்காதா? ஆனால் கதைத்ததெல்லாம் காணியைப் பற்றி. தங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. மார்ச் 1 அன்று காணி விடுபட்டது.

உங்களுக்குத் தண்ணீர். இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது; குளத்தில் நிற்கிற அளவைப் பார்த்து இத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில்தான் தீர்மானிக்கிறார்கள். அங்கே நீங்கள் பேசாமல் இருந்தால் அது சம்மதக் கணக்கில்தான் போகும். ஒரு அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதி உங்கள் முறை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எப்போது நின்றது, எந்த வரம்புவரை நனைந்தது என்று எழுதி வையுங்கள். கூட்டத்தில் எழும்பி அதை வாசித்தால் போதும். தனித்தாளாகக் கொண்டுபோகாதீர்கள், கை நடுங்கினால் தாள் சரசரக்கும். கொப்பி மட்டை காட்டிக்கொடுக்காது. குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

‘வாயைப் பார்’ என்று ஒருவர் சொல்லத்தான் போகிறார். அவருடைய வயல் வாய்க்காலின் தலைப்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

அந்தத் திகதிகளில் ஒரு பிரதி எங்களுக்கும் அனுப்புங்கள், பிரசுரிக்கிறோம். பெயரைப் போடுவதா விடுவதா என்று அப்போது சொல்லுங்கள்.