எம்.எஸ்சி. முடித்தாச்சு, அனுபவம் இல்லை: ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?

கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நுண்ணுயிரியல் படித்தவர், ஆராய்ச்சி வேலைக்குப் போக ஆசை.

தம்பி, உங்கள் ப்ராஜெக்ட்தான் உங்கள் அனுபவம். அதை "மஞ்சள் கிழங்கு அழுகல் ஆய்வு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எத்தனை தோட்டத்தில் மண் எடுத்தீர்கள், நுண்ணுயிரிகளை எந்த மீடியாவில் (வளர்ப்பு ஊடகத்தில்) வளர்த்தீர்கள், பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) நீங்களே செய்தீர்களா, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா, கடைசியில் என்ன கிடைத்தது, எல்லாம் எழுதுங்கள். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும். பார்த்ததைச் செய்ததாக எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அப்பா பெயர், மதம், உறுதிமொழி எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் தாராளம்.

சரி, எங்கே அனுப்புவது? கோவையிலேயே 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. திட்டப் பணிகளுக்கான அறிவிப்பை அவர்கள் இணையதளத்திலேயே போடுவார்கள். பல சமயம் நேரடி நேர்காணல்தான், அசல் சான்றிதழ்களோடு போய் நின்றுவிடுங்கள்.

அப்புறம், அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அதன் மூலம் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023-இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய், முனைவர் பட்டத்துக்கும் வழி திறக்கும்.