சங்கத்தில் சேர்ந்தால் சான்றிதழ் வந்துவிடுமா?

டெக்சாஸில் ஒரே ஒரு ஸ்ப்ரே வண்டியோடு, சுவர்களில் வெப்பம் தடுக்கும் ஃபோம் (நுரை) தெளிக்கும் தொழில் நடத்துகிறீர்கள். பில்டர் சான்றிதழ் கேட்கிறார், இந்தத் தொழிலின் சங்கமான ஸ்ப்ரே பாலியூரித்தேன் ஃபோம் அலையன்ஸில் சேர்ந்தால் போதுமா என்கிறீர்கள். போதாது நண்பரே. சங்கத்தில் சேர்வது உங்கள் நிறுவனம். சான்றிதழ் வாங்க வேண்டியது ஃபோம் தெளிக்கும் துப்பாக்கியைப் பிடிக்கிற ஆள். அதற்குத் தனித் தேர்வு உண்டு: உதவியாளர், இன்ஸ்டாலர், மாஸ்டர் இன்ஸ்டாலர் என்று படிப்படியாக. பில்டர் எதைக் கேட்கிறார் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோம் சப்ளையர் தரும் பயிற்சி அட்டை வேறு. நானே ஆரம்பத்தில் அதை நீட்டி அசடு வழிந்திருக்கிறேன்.

அப்புறம், சந்தா தண்டமா என்றால், என் கணக்கில் இல்லை. குளிர்காலத்தில் ரசாயனம் போகும் ஹோஸின் சூடு இறங்கிக் கலவை பிசகினால் ஃபோம் சுருங்கி ஸ்டட்டை (சுவருக்குள் நிற்கும் சட்டத்தை) விட்டு விலகும். அதையெல்லாம் பட்டுத் தேர்ந்தவர்கள் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டுக்கு வருவார்கள். காபி வரிசையில் பிடித்துக் கேளுங்கள்.