பூச்சு போனால் போகட்டும், கீறலில் கை வைக்காதீர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால ஸிப்போ லைட்டர் ஒன்று குடும்பச் சொத்தாக என்னிடம் வந்திருக்கிறது. என் மனைவியின் தாத்தாவுக்கு அமெரிக்கத் தரைப்படை வீரர் ஒருவர் கொடுத்தது. அந்த வீரரின் குடும்பப் பெயர் ஒரு பழைய கடிதத்தில் இருக்கிறது. வேறு விவரம் தெரியாது. சொரசொரப்பான கறுப்புப் பூச்சு பாதிக்கு மேல் போய்விட்டது, போன இடமெல்லாம் துரு. சக்கரம் சுற்றவில்லை. ஒரு பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தையும் நான்கு எண்களையும் யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர், பூச்சைச் சுரண்டி, கீறலை மழித்து, புதிதாகக் கறுப்படித்து, உள்பாகத்தையும் மாற்றித் தருவதாகவும், அதன் பிறகு மூன்று மடங்கு விலை போகும் என்றும் சொல்கிறார். அடியில் உள்ள காப்புரிமை எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது, போலியாகவும் இருக்கலாம் என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதுவரை கொடுக்காமல் வைத்திருந்ததே நல்ல காரியம்.

முதலில் அந்த எண் விவகாரத்தை முடித்துவிடுவோம். ஸிப்போ நிறுவனத்தின் காப்புரிமை 1936-இல் வழங்கப்பட்டது. அதன் எண் 2032695. போர்க்காலத்தில் அடித்த அச்சில் நடுவில் ஒரு 2 விட்டுப்போய் 203695 என்றே விழுந்தது. தொழிற்சாலையிலேயே நடந்த பிழை இது. சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், உங்கள் வியாபாரிக்கும் தெரியாமல் இருக்காது. உங்கள் லைட்டரில் விடுபட்டிருப்பது அந்த 2 என்றால், அது போலி என்பதற்குச் சான்று ஆகாது. போர்க்காலத்தது என்பதற்குத்தான் சான்று. போலி என்று சந்தேகப்படும் பொருளுக்கு மூன்று மடங்கு விலை எப்படிக் கிடைக்கும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்குவது ஒரு வழி, ஆசைகாட்டிக் கையில் வாங்கிப் பாகத்தை உருவிக்கொள்வது இன்னொரு வழி. உங்களிடம் இரண்டையும் ஒரே மூச்சில் முயன்றிருக்கிறார்.

இப்போது கீறலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். அன்றைய அமெரிக்கத் தரைப்படையில் வீரர்கள் தங்கள் உடைமைகளில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும், படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் குறித்து வைப்பார்கள். சலவைக்குப் போன சட்டை வேறொருவனிடம் போய்விடாமல் இருக்க வந்த ஏற்பாடு அது. பை, பெல்ட், பூட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளமாகிவிட்டது. ஓர் எழுத்து, நான்கு எண்கள். உங்கள் லைட்டரில் இருப்பதும் அந்த அமைப்புதான். கடிதத்தில் உள்ள குடும்பப் பெயர் அதே எழுத்தில் தொடங்குகிறதா என்று இன்றே பாருங்கள். தொடங்கினால், அந்தக் கீறல் உங்கள் வீட்டுக் கதைக்கு உலோகத்தில் இட்ட கையெழுத்து. அதை மழித்துத் தருகிறேன் என்பவர், பத்திரத்தில் மை கறையாக இருக்கிறது என்று கையெழுத்தைச் சுரண்டுபவர்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரையொட்டி இருந்த அமெரிக்கப் படைவீரர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அதில் அழிந்தன. பிரதிகளும் எடுத்து வைத்திருக்கவில்லை. லட்சக்கணக்கான ஆட்களின் வாழ்க்கையை ஒரே கட்டடத்தில், தீயணைக்கும் தெளிப்பான்கூட இல்லாத தளங்களில் அடுக்கி வைத்தார்கள். அதனால்தான் இன்று ஒரு பேரப்பிள்ளை தாத்தாவைத் தேடும்போது, தட்டில் கீறிய எண்ணும் லைட்டரில் கீறிய எழுத்தும் சாட்சிக்கு வரவேண்டியிருக்கிறது. நிர்வாகம் கோட்டைவிட்டதைப் பொருள்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அந்தப் பொருள்களையும் பட்டறைச் சக்கரத்தில் கொடுத்து மழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

அதிர்ஷ்டவசமாக ஒரு வழி திறந்திருக்கிறது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில், 1938 முதல் 1946 வரை தரைப்படையில் சேர்ந்த ஏறத்தாழ 90 லட்சம் பேரின் சேர்க்கைப் பதிவுகளைக் கட்டணமில்லாமல் தேடலாம். பழைய துளை அட்டைகளின் நுண்படத்திலிருந்து எடுத்தவை என்பதால் எழுத்துப்பிழைகள் ஏராளம். பெயரை இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். பதிவில் முழுப் படை எண் இருக்கும். கடைசி நான்கு இலக்கங்களை உங்கள் கீறலோடு ஒப்பிடுங்கள். எட்டு இலக்க எண் 1-இல் தொடங்கினால் ஆள் தானாக முன்வந்து சேர்ந்தவர், 3-இல் தொடங்கினால் கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர். பெயர், எழுத்து, நான்கு எண்கள் மூன்றும் பொருந்திவிட்டால், எந்த வியாபாரியின் சான்றிதழும் உங்களுக்குத் தேவைப்படாது.

சான்றிதழ் என்றதும் எரிச்சல் வருகிறது. இந்தச் சந்தையில் "அசல் என உறுதி" என்று அச்சடித்த அட்டையை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொறுப்பேற்க ஆள் கிடையாது. ஏல விளம்பரங்களில் மறுபூச்சு அடித்த லைட்டரும் தொடாத லைட்டரும் "மிக நல்ல நிலை" என்ற ஒரே வார்த்தையின் கீழ் நிற்கின்றன. பளபளப்புக்கு மதிப்பெண் போடும் வரை பளபளக்க வைப்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம். வியட்நாம் போர்க்கால லைட்டர்களின் கதியைப் பாருங்கள். வீரர்கள் தங்கள் ஏக்கத்தையும் கோபத்தையும் பொறித்து வைத்திருந்தவை அவை. போருக்குப் பிறகு சுற்றுலாச் சந்தைக்கென்று பொறித்து, அமிலத்தில் முக்கிப் பழசாக்கி விற்றவை அவற்றோடு கலந்து, இன்று உண்மையானதை வைத்திருப்பவரும் சந்தேகத்தோடே பார்க்கப்படுகிறார்.

உங்கள் லைட்டரின் பூச்சைப் பற்றி. 1942 முதல் பித்தளை போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டதால் ஸிப்போ எஃகில் கூடு செய்தது. எஃகு துருப்பிடிக்கும் என்பதால் கறுப்பு வண்ணம் பூசிச் சூளையில் சுட்டார்கள். அதில்தான் அந்தச் சொரசொரப்பான சுருக்கம் விழுந்தது. வெளிச்சத்தில் மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்காது என்ற வசதியும் சேர்ந்தது. சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் உரசி உரசி விளிம்புகளில் பூச்சு போவது இயல்பு. எந்த இடத்தில் கட்டைவிரல் பட்டது, எந்தப் பக்கம் உடம்பை ஒட்டி இருந்தது என்பதை அந்தத் தேய்மானம் காட்டும். கடையில் கிடைக்கும் சுருக்க வண்ண ஸ்பிரேயை அடித்தால் அது கீலின் இடுக்கிலும் அடி எழுத்துகளின் குழியிலும் கட்டியாகத் தேங்கும். தெரிந்தவர் கையில் எடுத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார். மூன்று மடங்கு விலை என்பது தெரியாதவர் தலையில் கட்டும்போது மட்டும்தான்.

உள்பாகத்தை மாற்றுவது இதைவிட மோசம். வெளிக்கூட்டிலிருந்து உருவி எடுக்கும் அந்தப் பகுதியில்தான் சக்கரம், கல், திரி, பஞ்சு எல்லாம் இருக்கின்றன. போர்க்கால உள்பாகத்துக்குத் தனியே விலை உண்டு. உங்களுடையதை எடுத்துக்கொண்டு புதியதைப் போட்டுத் தருவார். உங்களுடையது இன்னொரு வெற்றுக் கூட்டுக்குள் ஏறி "முழுமையான போர்க்கால லைட்டர்" என்று விலை போகும். எரிகிறதே என்று நீங்கள் நன்றி சொல்லிவிட்டு வருவீர்கள். பழுது பார்க்க யாரிடம் எதைக் கொடுத்தாலும், கழற்றிய பழைய பாகம் உடைந்திருந்தாலும் திரும்ப வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பினாலும் இப்படித்தான். அவர்களுடைய இலவசப் பழுதுபார்ப்பு உத்தரவாதம் லைட்டர் வேலை செய்ய வைப்பதற்கானது. வரலாறு அவர்களுடைய பொறுப்பில் வராது.

இனி நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. எதையும் தொடுவதற்கு முன் படம் எடுங்கள். அடிப்பகுதி, கீல், மூடியின் உட்புறம், உள்பாகத்தின் நான்கு பக்கங்கள். கீறலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். தூசியை மென்மையான, ஈரமில்லாத தூரிகையால் தட்டுங்கள். பூச்சு உள்ள இடத்தில் அசிட்டோன், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்; பழைய வண்ணம் இளகிவிடும். அமிலமும் வேண்டாம், எலுமிச்சையோ வினிகரோ எதுவானாலும். உப்புத்தாள், இரும்புக் கம்பிச் சுருள், பாலிஷ் துணி மூன்றையும் அந்த மேசையிலேயே வைக்காதீர்கள்.

பித்தளை பாலிஷ் திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, அழுத்தத்தில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் தோட்டா உறையைக் கொண்டு செய்த லைட்டர்களை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். அவர்களுக்கு இன்னொன்று: உறையின் அடியில் நடுவில் உள்ள வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வட்டத்துக்குள் இருக்கும் வெடிமருந்து இன்னும் உயிரோடு இருக்கலாம். சூடு காட்டாமல், தட்டாமல், அப்படியே வைத்துவிட்டுக் காவல் துறைக்குச் சொல்லுங்கள்.

மேற்பரப்பிலிருந்து எதையும் எடுக்காதே என்ற என் விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. எல்லாத் துருவும் எதிரி இல்லை. கரும்பழுப்பாக, கெட்டியாக, விரலில் ஒட்டாமல் இருப்பது அடங்கிய துரு. அதைத் தொடாதீர்கள், அது கீழே உள்ள எஃகுக்கு ஒரு போர்வை. ஆரஞ்சு நிறத்தில் பொடியாக இருப்பது வேறு. சந்தேகம் என்றால் வெள்ளைத் துணியால் லேசாக ஒற்றுங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அதைத் தட்டிவிட்டு, உலர்ந்த இடத்தில் ஒரு வாரம் வைத்து மறுபடி ஒற்றுங்கள். மறுபடி பொடி வந்தால் உயிரோடு இருக்கிறது. உள்பாகத்தில் பித்தளை போன்ற செம்புக் கலவை இருந்தால் அங்கும் அப்படியே: கரும்பச்சைப் படலம் இருக்கட்டும், வெளிர்பச்சையாக மாவுபோல் உதிர்ந்து, துடைத்த பிறகும் திரும்பத் திரும்பப் பூத்தால் அது உப்பு கலந்த களிம்பு. வியர்வையிலிருந்தோ கடல் காற்றிலிருந்தோ வந்திருக்கும். உயிருள்ள துருவின் மேல் மட்டும், பஞ்சுக் குச்சியில் ஒரு பொட்டு மெல்லிய எந்திர எண்ணெய் தொட்டு வையுங்கள். சற்று நேரம் கழித்துக் கூர் தீட்டிய மூங்கில் குச்சியால் பொடியை மட்டும் நெம்பி எடுங்கள். மூங்கில் எஃகைக் கீறாது, இரும்பு ஊசி கீறும். பளிச்சென்ற உலோகம் தெரிய வேண்டும் என்று தோண்டாதீர்கள். பொடி நின்றால் வேலை முடிந்தது. கீறிய எழுத்துகளுக்குள் துரு இருந்தால் அங்கே இன்னும் பொறுமை வேண்டும், ஒரு நாளில் ஒரு எழுத்துக்கு மேல் போகாதீர்கள். கடைசியில் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை வெற்று எஃகின் மேல் மிக மெல்லியதாகத் தடவி மென்துணியால் ஒற்றுங்கள். பூச்சின் சுருக்கங்களில் மெழுகு அடைந்தால் வெள்ளையாகத் தெரியும் என்பதால் அங்கே வேண்டாம். பச்சைக் களிம்பு மட்டும் இதற்கெல்லாம் அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால், உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் அருங்காட்சியக நிபுணரிடம் காட்டுங்கள். பழம்பொருள் கடை அதற்கு இடமில்லை.

சக்கரம் சுற்றாததற்குக் காரணம் பெரும்பாலும் கல்தான். சீரியமும் இரும்பும் கலந்த அந்தக் கல் ஈரத்தில் ஊறி, பொடிந்து, உப்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும். உள்பாகத்தை வெளியே எடுத்து, அடியில் உள்ள திருகைப் பொறுமையாகக் கழற்றுங்கள். கழலவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு மறுநாள் முயலுங்கள். உப்பிய கல்லைக் கையால் சுழற்றும் மெல்லிய துளைக்கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். மின் துளைப்பான் கூடவே கூடாது. கல் பொறி பறக்கும், பஞ்சில் பழைய எரிபொருள் வாடை இருந்தாலே போதும், தீப்பிடித்துவிடும். சுத்தியலால் தட்டினால் குழாய் வளைந்துவிடும். கல்லும் திரியும் தேயும் பொருள்கள், மாற்றுவதில் குற்றமில்லை. எடுத்த திரியை மட்டும் பெயரெழுதிய உறையில் போட்டு வையுங்கள். கீலில் ஆணித்துண்டோ ஈயப்பற்றோ இருந்தால் அதை ஒட்டுவேலை என்று நீக்காதீர்கள், அந்த வீரனே போட்டதாக இருக்கலாம்.

தினமும் பற்றவைக்க ஆசையென்றால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதை எரிபொருள் இல்லாமல், தோல் உறைக்குள் போடாமல், அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். கூடவே ஒரு தாளில் இரண்டு பத்திகள் எழுதுங்கள்: மேலே, குடும்பத்தில் சொல்லக் கேட்டது, சொன்னவர் பெயரோடு, கீழே, கடிதம், கீறல், சேர்க்கைப் பதிவு ஆகியவற்றில் நீங்களே கண்டது. கேட்டதையும் கண்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றையும் அதே பெட்டியில் வையுங்கள்.